நடுப்பகல் கதவு

சூறாவளி கூரைத் தகடுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்த அந்த அந்தியில், நானும் என்னைக் கட்டிய மாப்பிள்ளையும் வாசல் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றோம். வெளியே யாரோ தட்டினார்கள். மூன்று தட்டு, ஒரு மௌனம், மறுபடி மூன்று.

"காத்து புள்ள, காத்து" என்றார் அவர்.

திறக்கவில்லை. விடிந்தபோது வாசலில் முறிந்த தென்னை கிடந்தது. மனிதர் யாருமில்லை. எங்கள் தெருவில் மௌத்தாகி அடக்கப்பட்டவர்கள் கடைசியாக எந்த வாசலுக்கு ஓடினார்கள் என்று எவருக்கும் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

சில வாரங்களில் அது தொடங்கியது. இரவில் அல்ல. நடுப்பகல் லுஹர் பாங்கு ஓய்ந்து, கல்முனைக்குடித் தெரு வெயிலில் வெளுத்துக் கிடக்கும் நேரத்தில். மூன்று தட்டு. நான் ஓடிப்போய்க் கதவில் முதுகை அழுத்துவேன். மரம் அதிராது, என் முள்ளந்தண்டு அதிரும். ஜின் என்றார்கள். தண்ணீர் ஓதிக் குடிக்கத் தந்தார்கள், கறுப்பு நூல் கட்டினார்கள். அவர் கதவையே மாற்றினார். புதுக் கதவிலும் அதே கை.

வீடு எனக்கு வந்த சீதனம். "இரிக்க ஏலாட்டி சொல்லு, தங்கச்சிக்கு எழுதுவம். அவள்ட கலியாணம் கிட்டுது" என்றா உம்மா. வீடு போனால் நானும் அவரும் எங்கே போவது? சரி, இருந்தால்? அந்தக் கையோடு எத்தனை பகல்?

அவருடைய தங்கச்சி, என் வயதுக்காரி, பகலில் துணைக்கு வரத் தொடங்கினா. முதல்நாளே, அரிசி புடைத்துக்கொண்டிருக்கையில், நான் எழுந்து ஓடினேன்.

"சோத்து நேரம் பாத்து வாற ஜின்னாகா? என்ட மனிசனப் போல" என்று சிரித்தா. பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "எனக்குக் கேக்கல்ல மச்சி. உனக்குக் கேக்குது. ஓடாம இஞ்ச இரி. எங்க தட்டுது?"

"முதுகில."

"முதுகில எங்க?"

யாரும் இதுவரை கேட்காத கேள்வி. தேடிப் பார்த்தேன். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், ஒரு உள்ளங்கை அகலத்தில், குளிராக.

"குளிரட்டும். மூச்ச அடக்காத. அது பாட்டுக்கு வரட்டும், நீ உன்ட பாட்டுக்கு இரி."

அப்படியே பழகினோம். பாயில் உட்கார்ந்தபடி, ஓதி விரட்டாமல், மூச்சு வயிற்றில் ஏறி இறங்குவதைப் பார்த்தபடி. தட்டுவது குறையவில்லை. சில நாட்களில் கூடியது. வியர்வையில் சட்டை நனைந்து, எழுந்து ஓடியும் இருக்கிறேன். அவவின் சுளகுச் சத்தம் மட்டும் நிற்காது.

ஒருநாள் தட்டு கேட்டதும் நானே போய்க் கதவைத் திறந்தேன். வெள்ளை மணல். வேலியின் நிழல்கூட இல்லாத உச்சி. காற்று அசையவில்லை. ஆனால் யாரோ முன்னால் நிற்கும்போது முகத்தில் படுமே ஒரு சூடு, அது பட்டது.

"சூறாவளி அடிச்ச அண்டைக்குத் துறக்கல்ல. பயந்திட்டன்" என்றேன். அவ்வளவுதான். நெடுநேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து சோறு போட்டுத் தின்றேன்.

மறுநாளும் தட்டியது. அதற்கடுத்த நாளும்.

முடிவு கேட்க உம்மா வந்தபோது மீன் ஆணம் கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னகா செய்யப் போறாய்?"

"இரிக்கப் போறன் உம்மா."

"அப்ப, தட்டுறது நிண்டிட்டா?"

"இல்ல."

மேலே ஏதோ கேட்க வாயெடுத்தவ, கேட்காமல் கதவைத் திரும்பிப் பார்த்தா. எனக்கு அந்தத் தட்டு கேட்ட அதே கணத்தில். நான் அகப்பையை வைத்துவிட்டு, அவவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.