நெற்றியில் ஒட்டிய எண்

பிள்ளைகளே, அம்மாவுக்கு இருதய வால்வு மாற்றியபோது நீங்கள் கருவேப்பிலங்குறிச்சியில் சித்தி வீட்டில் இருந்தீர்கள். சென்னை ஆஸ்பத்திரியில் நான் பார்த்ததை இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. எனக்கே முழுசாக விளங்கவில்லை, அதுதான் காரணம்.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலை ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். அம்மா இன்னும் கண் விழிக்கவில்லை. நெற்றியின் இரண்டு பக்கமும் ஒயர் வைத்த பட்டை ஒட்டியிருந்தார்கள். ஊசி குத்தாமல், வெளிச்சத்தை உள்ளே விட்டே மூளைக்கு ஆக்சிஜன் போதுமா என்று பார்க்கிறதாம். விரலில் மாட்டிய ஆக்சிஜன் கிளிப்பில் தொண்ணூற்றெட்டு. நெற்றியில் இடது அறுபத்துநாலு, வலது நாற்பத்தெட்டு.

"ஒரே ஆளுக்கு ஏன் சிஸ்டர் மூணு நம்பரு?"

"விரல்ல பாக்குறது வேற, இது வேறங்க. இதுல அறுபது, எழுபது இருந்தாலே போதும். வலதுதான் எறங்கிடுச்சு. கொஞ்சம் வெளிய இருங்க."

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சிஸ்டர் வியர்வையைத் துடைத்து வலது பட்டையைப் புதிதாக ஒட்டினார். அதே நேரத்தில் டாக்டர் ஆக்சிஜனைக் கூட்டி, ரத்தமும் ஏற்றச் சொன்னார். எண் மெல்ல அறுபதுக்கு வந்தது.

டாக்டர் வெளியே வந்ததும் கேட்டேன். "பட்டை சரியா ஒட்டலையா சார், இல்ல நெசமாவே மூளைக்குப் பத்தலையா?"

"எதுவா வேணா இருக்கலாம். அது நெத்திக்குப் பின்னாடி கொஞ்சம் இடத்தைத்தான் பாக்கும். முழுசா நம்பவும் முடியாது, சும்மா விடவும் முடியாது."

"நான் விருத்தாசலத்துல பீங்கான் சூளையில வேலை பாக்குறேன் சார். சரக்கு வெடிச்சா சூடோ மண்ணோ, ஒரு தடவைக்கு ஒண்ணைத்தான் மாத்துவோம். எல்லாத்தையும் சேத்து மாத்துனா, எதனால சரியாச்சுன்னு எப்படித் தெரியும்?"

"சூளையில பொம்மை கெட்டா வேற செஞ்சுக்கலாம். இது உங்க சம்சாரம்ங்க."

சாயங்காலம் அம்மா விழித்துப் பேச ஆரம்பித்தாள். புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, "நம்ம வூட்டு வாசல் எந்தப் பக்கம் பாத்து இருக்குது?" என்றேன்.

"ஏன், வழி மறந்துட்டீங்களா?" என்றாள்.

சிரித்துவிட்டேன். ஆனாலும் ஊருக்கு வந்த பிறகு சந்தேகம் போகவில்லை. பால்காரர் வந்தாரா என்று அவள் இரண்டு தடவை கேட்டால் அந்த நாற்பத்தெட்டுதான் ஞாபகம் வரும். முன்பும் அப்படித்தான் கேட்பாளா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. நன்றாக இருந்தபோது யார் கவனித்தது?

ஒரு மத்தியானம் அவள் வைத்த குழம்பு, உப்பை இரண்டு தடவை போட்டதுபோல் கரித்தது. அவள் படுக்கப் போயிருந்தாள். அவளிடம் சொல்லாமல் அடுப்படிக்குப் போய், ஒரு உருளைக்கிழங்கை நறுக்கிப் போட்டு, தண்ணீரும் சேர்த்தே ஊற்றி, ஒரு கொதி விட்டு, பழையபடி மூடி வைத்தேன்.