நான் அலசி வைத்த தாள்

வில்லியனூரில் எங்கள் வீட்டு மாடியில், காற்றை இழுக்கும் இயந்திரம் ஒன்றை ஒருவர் எட்டு நாளைக்கு வைத்தார். பட்டணத்து ஆய்வுக்கூடத்து ஆள். ஒல்லி உடம்பு, தடித்த கண்ணாடி. இயந்திரத்தில் பொருத்தும் வெள்ளைத் தாளை விரலால் தொடவே மாட்டார், இடுக்கியால்தான் எடுப்பார்.

"புதுப் பொண்டாட்டியத் தொடற மாதிரி இன்னா பயம் சார்?" என்று இருமலுக்கு நடுவே என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார்.

ஆய்வுக்கூடத்துக்காரர் சிரித்தார். "இதுல படியுற கரியில அகச்சிவப்புக் கதிரை விட்டுப் பாத்தா, அடுப்புக் கரியா, பக்கத்து ஆலைக் கரியான்னு தெரிஞ்சிடும். ஆலைதான்னு ஆச்சுன்னா புகையை நிறுத்தச் சொல்லி எழுதலாம்."

எட்டாம் நாள் மாடிக்குப் போனேன். தாள் கன்னங்கரேலென்று இருந்தது. இதைப் பார்த்தால் என் அடுப்பங்கரையைத்தானே பேசுவார்கள் என்று பட்டது. என் வீட்டை அழுக்கு என்று ஒருத்தரும் சொன்னதில்லை. கிழியாமல் அலசி, முறத்தில் உலர்த்தினேன்.

அவர் வந்து பார்த்தார். "இன்னாம்மா பண்ணீங்க?"

"அலசி வெச்சிருக்கேன் சார். என் வூட்டுல கரி இல்ல."

இயந்திரத்தை அன்றே திருப்பித் தர வேண்டுமாம். இன்னொரு தாளுக்கு நாளில்லை. அவர் அந்தத் தாளையும் இடுக்கியால் எடுத்து, பத்திரமாக உறையில் வைத்தார். "நல்லா வெளுத்திருக்கீங்கம்மா" என்றார்.

ஆலை புகைந்துகொண்டேதான் இருந்தது. தை பிறக்கும் முன் என் வீட்டுக்காரர் இருமி இருமியே போய்விட்டார்.

அந்த மனிதர் ஏன் என்னைத் திட்டவில்லை? திட்டியிருந்தால், அவர்மேல் கோபப்பட்டாவது கொஞ்ச நாளைத் தள்ளியிருப்பேன்.