கடலைப் பார்த்த ஒண்ணாம் நம்பர் வீடு

அன்று அந்த நேரம் ஒண்ணாம் நம்பருக்குள் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். மேனேஜர். வீட்டைச் சுற்றிக் காட்டிப் பேசுகிற பெண். தமிழ்க்காரி, பிறந்து வளர்ந்தது டெல்லி மோதி பாக்கில். கரோல் பாக்கில் நகைக்கடை வைத்திருக்கும் ஒருவர். அவர் பெண்டாட்டி. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு தமிழ்ப் பிள்ளை. அவனுடைய அம்மா. நான்.

அது வீடு இல்லை. வீட்டுக்கு மாதிரி. நிஜ வீடு அரபு நாட்டில், பாலைவனம் போய்க் கடலில் முடிகிற இடத்தில் வரப்போகிறதாம். லீவுக்குப் போய்த் தங்குகிற வீடு. அதை விற்க டெல்லியில் ஒரு ஹாலைப் பிடித்து, ப்ளைவுட்டால் இரண்டு வீடு அடித்து வைத்திருந்தார்கள். ஒண்ணாம் நம்பர் கடலைப் பார்த்தது. இரண்டாம் நம்பர் மணலைப் பார்த்தது.

கடல் என்றால் சுவர் முழுக்க ஒரு டிவி. பால்கனியில் நின்றால் அலை வரும். வந்த அலையே திரும்ப வரும். அதே வெள்ளைப் பறவை அதே பக்கமாகப் போகும். பால்கனிக்குக் கீழே மட்டும் நிஜ மணல். அரபு மணல் என்று சொல்லுவார்கள். அதைக் கொட்டின லாரியை நான் பார்த்தேன். ஹரியானா வண்டி.

இதைச் சுத்தமாக வைப்பது என் வேலை. யாரும் படுக்காத கட்டிலில் சுருக்கம் விழும், நீவிவிட வேண்டும். பிளாஸ்டிக் எலுமிச்சம்பழத்தில் தூசி உட்காரும்; துடைக்க வேண்டும். பாத்ரூம்தான் பெரிய தலைவலி. தங்க நிறத்தில் குழாய், ஆள் படுக்கிற அளவுக்குத் தொட்டி, வெள்ளை வெளேரென்று கக்கூஸ். எதற்கும் பைப் கிடையாது. கக்கூஸுக்கு அடியில் ஓட்டை, ஓட்டைக்கு அடியில் பலகை, அவ்வளவுதான். உட்காராதீர்கள் என்று இங்கிலீஷில் ஒரு அட்டை வைத்திருந்தார்கள். அது போதாதென்று கதவோரம் நான் கைகட்டி நிற்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. கஸ்டமர் எதிரே பேசினால் அன்றைக்கே வீட்டுக்கு என்று முதல் நாளே மேனேஜர் சொல்லிவிட்டான்.

எனக்கு அந்த வேலை வேண்டும். மதராசி கேம்ப் குடிசையில் இருந்தவரை நடந்து போகிற தூரத்தில், ஜங்க்புராவில், வீட்டு வேலை இருந்தது. கேம்பை இடித்தார்கள். ஊர்க்கோடியில் நரேலாவில் போய் இரு என்றார்கள். அங்கிருந்து விடிகாலையில் ஜங்க்புராவுக்கு யார் வந்து பாத்திரம் தேய்க்க முடியும். போன வீட்டில் எல்லாம் வேறு ஆள் வைத்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரருக்கு முட்டி போய்விட்டது, கட்டிலை விட்டு எழுவதில்லை. அலைந்து அலைந்து கிடைத்தது இந்த ஒரு வேலை. இதுவும் போனால் அடுப்பு எரியாது. அதனால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்தக் கடலை ஒருநாளும் ஆசையாகப் பார்த்ததில்லை. பார்த்தாலே எரிச்சல் வரும்.

நகைக்கடைக்காரர் மணலில் இறங்கி நடந்தார். அதே செருப்போடு கார்ப்பெட்டில் ஏறினார். மேனேஜர் என்னைப் பார்த்து விரலைச் சொடுக்கினான்.

"ஏய், ஜல்தி."

பாத்ரூம் கதவை விட்டு வெளியே வந்து மணலைப் பெருக்கினேன்.

அப்போதுதான் தமிழ்ப் பிள்ளை அவன் அம்மாவோடு நுழைந்தான். அந்த அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பேச்சு. ஊரிலிருந்து வந்திருக்கிறார் போல. வந்ததும் டிவியை மேலும் கீழும் பார்த்தார்.

"இதால கடலு?"

"அங்க நிஜமா இருக்கும்மா. இது சும்மா காட்டுறதுக்கு."

"திருச்செந்தூர்ல இல்லாத கடலா? மணக்காட்டுல போயி வாங்கணுமாக்கும்."

"அம்மா, மெதுவா பேசு. ஆளுங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். துட்டு குடுக்கவன் நீதான."

அவன் மேனேஜரோடு மேஜைக்குப் போய்விட்டான். அம்மா கொஞ்ச நேரம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். ஹாலில் ஏசி குளிர் எலும்பைத் தொடும். வயசானவர்களுக்குத் தாங்காது. மோதி பாக் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக் காதோரம் சொன்னார்.

"எம்மா, ஒண்ணுக்குப் போவணும்."

அந்தப் பெண்ணுக்கு முகமெல்லாம் பல்.

"ஸ்யூர் ஆண்ட்டி. ஒண்ணுதான் பெஸ்ட். வர்றவங்க எல்லாம் ஒண்ணுக்குத்தான் கேக்கறாங்க."

"எல்லாருக்கும் வரத்தானட்டி செய்யும்."

"ரெண்டுக்கு ஜாஸ்தி யாரும் போறதில்ல. அங்க வெறும் மணல்."

"ரெண்டுக்கெல்லாம் இப்ப வரல. ஒண்ணுக்குத்தான். எங்கனன்னு காட்டு."

"ஆயியே ஆண்ட்டி, வாங்க வாங்க."

துடைப்பத்தோடு குனிந்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது. இவளுக்குத் தமிழ் இவ்வளவுதானா என்று நிமிர்ந்தேன். நகைக்கடைக்காரர் பக்கத்திலேயே நின்றார். வாய் திறக்க முடியாது. கதவோரம் போய் நிற்கலாம் என்று நகர்ந்தேன். மேஜையிலிருந்தே மேனேஜர் கார்ப்பெட்டைக் காட்டினான். முதலில் இது என்று அர்த்தம். குனிந்தேன்.

அவள் உள்ளே அலமாரியைத் திறந்து காட்டுகிற சத்தம் கேட்டது. "அத அப்புறம் பாப்பம்" என்றார் அம்மா. பிறகு "இங்கனதான் இருக்கா" என்றார். பாத்ரூம் கதவு சாத்தியது. "ஆராமா பாருங்க ஆண்ட்டி" என்று இவள் வெளியே நின்று சொன்னாள்.

நகைக்கடைக்காரரின் பெண்டாட்டி பால்கனிக்குக் கீழே மணலில் நின்று அலையோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். ப்ளைவுட் சுவருக்கு அடியிலிருந்து மெதுவாக ஈரம் வந்தது. மணல் கறுத்தது. அவள் காலை எடுக்கவில்லை. சந்தோஷமாகக் கூப்பிட்டாள்.

"தேக்கோ ஜி, பானி பீ ஆத்தா ஹை."

பாருங்க, தண்ணி கூட வருது என்கிறாள். அதுவும் கடலில் சேர்த்தி என்று நினைத்துவிட்டாள். மேனேஜர் எழுந்து வந்து பார்த்தான். அவனுக்குப் பைப் இல்லாதது தெரியும். முகம் செத்துப்போனது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏ பிள்ள, தண்ணி வரல."

கதவைத் திறந்துகொண்டு அம்மா வந்தார். வெட்கம் ஒன்றும் இல்லை. கோபம்தான்.

"தங்கத்துல குழாய வச்சிருக்கானுவ. திருவுனா ஒரு சொட்டு இல்ல. கால் கழுவ வழியில்லாத வீட்டையால வாங்கப் போற?"

மகன் தரையைப் பார்த்தான்.

இந்தம்மாவை உள்ளே விட்டது யார் என்று மேனேஜர் ஹிந்தியில் கேட்டான். குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவன் வழக்கம். பெண் என் பக்கம் கை காட்டினாள்.

"ஹவுஸ்கீப்பிங் வாஸ் நாட் அட் த டோர், சார்."

"நான் கேட்டது உங்கிட்டலா" என்றார் அம்மா அவளிடம். "வா வான்னு நீதான கூட்டிட்டுப் போன."

"நீங்க ஒண்ணுக்குன்னு சொன்னீங்க. ஒண்ணுக்குத்தான் கூட்டிட்டுப் போனேன்."

"உங்க வீட்ல ஒண்ணுக்குன்னா என்னட்டி?"

"ஒன் ஆண்ட்டி. நம்பர் ஒன்."

மகன் வாயை இறுக்கிக்கொண்டான். சிரிப்பா அழுகையா தெரியவில்லை. ஒரு வார்த்தை எடுத்துச் சொல்ல அவனால் முடியும். ஹிந்தியும் தெரியும், இங்கிலீஷும் தெரியும். சொல்லவில்லை.

மேனேஜருக்குத் தமிழ் ஒன்றும் விளங்கவில்லை. என்னிடம் வந்தான். துடைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போ என்றான்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அன்று பேசினேன். எப்படியும் போகப்போகிற வேலை, இருந்தாலும் சொல்லிப் பார்ப்போம் என்று தோன்றியது. என் ஹிந்தி சமையலறை ஹிந்தி. துடைப்பம் கையில் இருந்தது. அதை வீட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டே சொன்னேன்.

"சாப், மேரா கல்தி நஹீ. ஹமாரா தமிழ் மே, நம்பர் ஒன் மத்லப் பிஷாப்."

என் தப்பில்லை, எங்கள் தமிழில் நம்பர் ஒன் என்றால் மூத்திரம் என்றேன். சொன்னது சரிதான். சொன்ன இடம் சரியில்லை. நகைக்கடைக்காரரின் பெண்டாட்டி காலடியைப் பார்த்தாள். சல்வாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலை விட்டுக் குதித்தாள். "நம்பர் ஒன் பிஷாப்?" என்று புருஷனைப் பார்த்தாள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, சரி, அந்த இரண்டாம் நம்பரைக் காட்டு என்றார். மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையில் நான் இன்னொரு தடவை வேலையை இழந்தேன்.

அவர்களும் அந்த மகனும் மேனேஜரோடு இரண்டாம் நம்பருக்குப் போனார்கள். அம்மா மட்டும் சத்தமாகச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பாத்துட்டுத்தான நின்ன. நீயாவது சொல்லிருக்கலாம்லா."

"பேசுனா வேலை பூடும்மா."

"இப்ப என்ன ஆச்சு?"

கேட்டுவிட்டு அம்மா மகனைத் தேடிப் போய்விட்டார். எனக்காக மகனை விட்டு மேனேஜரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. நான் கேட்கவும் இல்லை.

மோதி பாக் பெண் வாளியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"சார் துடைக்கச் சொன்னாரு ஆண்ட்டி."

"நீ தொடை."

"அது என் வேலை இல்ல."

"எனக்கும் இல்ல. இப்பதான் எடுத்துட்டாங்க."

துடைப்பத்தைக் கடல் மேலே சாய்த்து வைத்தேன். டிவியில் அலை அதன் பின்னால் வந்துபோனது. கீறல் விழும் என்று அவள் கத்தினாள். விழட்டும் என்று வந்துவிட்டேன்.

வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. கேட்டில் செக்யூரிட்டி பையைக் கொட்டிக் காட்டச் சொன்னான். தினமும் போகும்போது பார்க்கிற ஆள்தான். சாப்பாட்டு டப்பா, மாற்றுச் சேலை, மாத்திரை. பிளாஸ்டிக் எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று சேலையை உதறிப் பார்த்தான். உள்ளே மணி அடித்தது. ஒரு வீடு விற்றால் ஒருமுறை அடிப்பார்கள். எல்லாவற்றையும் பொறுக்கிப் பையில் போட்டு முடிப்பதற்குள் மூன்று தடவை.