அம்மாவின் மூட்டிலிருந்த பிளாஸ்டிக்

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் டாக்டர் ஒரு சின்னப் பையை என் கையில் கொடுத்தார். அம்மாவின் வலது முழங்காலுக்குள் மூன்று ஆண்டுகள் இருந்த பிளாஸ்டிக் தட்டு அதில் இருந்தது. மூட்டு மாற்றும்போது மேல் உலோகத்துக்கும் கீழ் உலோகத்துக்கும் நடுவே வைப்பது. அதன் மத்தியில் விரல் நுனியளவு முளை ஒன்று நிற்க வேண்டும். அது அடியோடு ஒடிந்து தனியே கிடந்தது.

"இந்தத் தடவை பிளாஸ்டிக்கை மட்டும் மாத்தியிருக்கோம். இன்னொரு தடவை உடைஞ்சா மொத்தத்தையும் எடுக்கணும். அதுக்கப்புறம் நடக்கிறது கஷ்டம்" என்றார்.

சாத்தூர் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் நான் தரப் பரிசோதனை பார்க்கிறேன். உடைந்து திரும்பி வரும் மூடிகளுக்கும் பிடிகளுக்கும் காரணம் எழுதுவது என் வேலை. அன்றே நோட்டில் எழுதினேன்: ஒன்று, மூலப்பொருள். இரண்டு, அளவு. மூன்று, பொருத்திய விதம். மூட்டு செய்த கம்பெனிக்குப் புகார்க் கடிதமும் பாதி எழுதிவிட்டேன். நான்காவதாக எங்கள் படிவத்தில் 'பயன்பாடு' என்று ஒரு வரி உண்டு. அதை எழுதவில்லை. மூன்று வருடம் முன்பு மூட்டு மாற்றியபோதே, அம்மா செய்யக் கூடாதவை பதினொன்றை நானே அச்செடுத்து அடுக்களைச் சுவரில் ஒட்டியிருந்தேன். தரையில் உட்காரக் கூடாது என்பது முதல் வரி.

ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத பரிசோதனை அறையில் முளையை லென்ஸுக்குக் கீழே வைத்தேன். ஒரே அடியில் உடைந்த பிளாஸ்டிக் இப்படி இருக்காது. தண்ணீர் வற்ற வற்றக் கண்மாய்க் கரையில் விழும் கோடுகள் போல, பின்பக்க அடியிலிருந்து வரிவரியாக விரிசல் முன்னேறியிருந்தது. கால் முழுக்க மடங்கும்போது உலோகம் முட்டுகிற இடம் அது. பலமுறை முட்டியிருக்கிறது. விளக்கை அணைத்து, அறையைப் பூட்டிக்கொண்டு சிவகாசியில் இருக்கும் வீட்டுக்கு பஸ் ஏறினேன்.

அப்பா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"அம்மா, தரையில உக்காந்தியா?"

அம்மா போர்வையை நீவிவிட்டாள்.

"நீ காலையில ஏழு மணிக்கே கம்பெனி வேன் ஏறிப் போயிருவ. பக்கத்து வீட்ல காலண்டர் ஒட்டுறாளுகளேன்னு நாற்காலியைத் தூக்கிட்டுப் போனேன்."

தேதிக் கட்டு ஒட்டிய அட்டைகளைத் தரையில் விரித்துத்தான் காயவைப்பார்கள். அதனால் வேலை, பேச்சு, டீ எல்லாமே தரையில்தான்.

"பேச்செல்லாம் கீழ நடக்கு. நான் மட்டும் மேல. 'மதினி, அங்கன உசரத்துல இருந்து எங்க தலையில நரை எம்புட்டுன்னு எண்ணுதீகளா?'ன்னு கேட்டா பக்கத்து வீட்டுக்காரி. எல்லாரும் சிரிச்சாளுக. அன்னைக்கே இறங்கிட்டேன்."

"தினமுமா?"

"சீசன் முச்சூடும். நீ வர்ற நேரத்துக்கு நாற்காலியில ஏறிருவேன்."

"வலிக்கலையா?"

"வலிச்சுது. பேச்சுல தெரியல."

புகார்க் கடிதத்தைக் கிழித்தேன். நான்காவது வரியில் 'தரையில் சம்மணமிட்டு அமர்தல்' என்று எழுதினேன். அதற்குக் கீழே 'ஏன்' என்று ஒரு கட்டம் போடுவது என் வழக்கம். அதில் 'ஏழு மணி வேன்' என்று எழுதி, அடித்துவிட்டேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், வேலையை மேசையில் வைத்துச் செய்ய முடியுமா என்று கேட்டேன்.

"மேசையில எத்தனை அட்டை காயும் தாயி? நாங்க வந்து பேசிட்டுப் போறோம், நீ கவலைப்படாத" என்றாள்.

சொன்னபடி இரண்டு நாள் வந்தார்கள். பசை காய்ந்துவிடும் என்று நின்றுகொண்டே பேசினார்கள். அப்புறம் ஆர்டர் நெருக்கியது, வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"இந்தப் பிளாஸ்டிக்காச்சும் எத்தனை வருசம் வரும்?"

"கீழ உக்காராம இருந்தா ரொம்ப வருசம் வரும்மா."

"அம்புட்டு வருசமும் இங்கனயேவா?" என்றாள்.