தடுக்கிய இடம்

டெக்சாஸில், ஊருக்கு வெளியே ஆடும் கோழியுமாக இருக்கிறது என் மகன் வீடு. மருமகள் தமிழில் குழந்தைகளுக்குக் கதைப் புத்தகம் எழுதுகிறாள். பிள்ளைகளை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்ட பிறகு மதியம் வரைக்கும்தான் அவளுக்கு எழுத நேரம்.

புதுக் கதையைப் பதிப்பகத்துக்கு அனுப்பவேண்டிய அன்று பார்த்து ஆடுகள் வேலியைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டன. ஓட்டிவந்து கட்டியபின், அச்செடுத்த தாள்களை என்னிடம் நீட்டினாள். "அத்தை, கடைசியா ஒருதடவை செக் பண்ணணும். நான் வேலியக் கட்டறேன், நீங்க சத்தமா படிங்க."

எனக்கு உடம்பு கூசியது. நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அதை மகனிடம்கூடக் காட்டியதில்லை.

"கண்ணாடி இல்லியே கண்ணு."

"தலைமேல இருக்குதே! நீங்க காலண்டர் படிக்கறதைக் கேட்டிருக்கேன் அத்தை. ஒண்ணாங்கிளாஸ் குழந்தையும் அப்படித்தானே படிக்கும்? அதுக்குத்தான் நான் எழுதறேன்."

கோபம் வந்தது. ஆனாலும் படித்தேன். 'துள்ளிக்குதித்தோடிற்று' என்ற இடத்தில் தடுக்கித் தடுக்கி நின்றேன்.

"என்ன கண்ணு, ஆடு ஓடியே போயிருச்சு, உன்ற வார்த்தை இன்னும் முடியல!" என்று எரிந்துவிழுந்தேன்.

கம்பியை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். அந்த வார்த்தையை அடித்து, 'தாவியது' என்று எழுதினாள். "இன்னும் எங்கெங்க தடுக்குதோ, அங்கெல்லாம் நில்லுங்க அத்தை."

மதியத்துக்குள் வேலியும் முடிந்தது, கதையும் போனது.

புத்தகம் வந்த அன்று, மகன் எதிரில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன், எழுத்துக்கூட்டியேதான். அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் நிறுத்தவில்லை. இத்தனை வருடம் எதை ஒளித்துவைத்தேனோ, அதுதான் அந்தப் புத்தகத்தில் என் பங்கு.