கெட்டிக்காரப் பிள்ளைக்கு என்ன கவலை

நேற்று நீலாய் சாலையில் ஒட்டுப்பால் ஏற்றிய லாரி ஒன்று என் காரை முந்தியது. அந்தப் புளித்த ரப்பர் நாற்றத்தில் நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்து ஸ்டோர் நினைவுக்கு வந்தது.

பள்ளியிலேயே முதல் மாணவியான அக்கா, பதினோரு வயதில் அங்கே மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து அழுவாள்.

"எதுவுமே புடிக்கலடி. தூங்கிக்கிட்டே இருக்கணும் போல இருக்கு."

அப்பாவிடம் சொன்னேன்.

"கெட்டிக்காரப் புள்ளைக்கு என்னா கவலை? நடிக்குதுலா" என்றார்.

தலைமையாசிரியரோ, வந்த விருந்தினர் ஒவ்வொருவர் முன்னும் அவளை நிறுத்தி ஒப்பிக்க வைத்தார். கடைசியில் சோதனையன்று அக்கா வெற்று விடைத்தாளைக் கொடுத்தாள். அப்பா பெல்ட்டால் அடித்தார். ஏன் எழுதவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

லாரி கண்ணைவிட்டு மறையும்வரை காரை ஓரமாக நிறுத்தினேன். அவர்களை நான் மன்னிக்கவே மாட்டேன். அக்காவுக்கு இப்போது ஐம்பது வயது. யாராவது பாராட்டினால், இன்றும் எழுந்து வெளியே போய்விடுகிறாள்.