மேலிடத்தின் விடுப்பு

ஏணியில் கால் வைப்பதற்கு முன் கிரேன் ஓட்டுபவர் சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாவற்றையும் வெளியே இழுத்து உதறுகிறார். ஒரு சீப்பு விழுகிறது. அதைக் கிரேனின் அடிப்பீடத்தின் மேல் வைக்கிறார். கிரேனின் உச்சியிலிருந்து ஒரு சீப்பு நழுவினாலும் கீழே இருப்பவன் மண்டை பிளந்துவிடும் என்பது அவர் கணக்கு. பிறகு தோள்பையை இறுக்கிக்கொண்டு ஏறத் தொடங்குகிறார். நடுவில் இரண்டு தளமேடைகளில் நின்று மூச்சு வாங்குகிறார். மூன்றாவதில் நிற்பதில்லை. அங்கே காற்று அதிகமாம்.

என் அறையின் ஜன்னலுக்கு எதிரே கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. நான் மேசையில் உட்கார்ந்து எழுதுவதும், அவர் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து இரும்புக் கட்டுகளைத் தூக்குவதும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் ஆரம்பிக்கின்றன. தொடக்கத்தில் கூண்டு என் கண்மட்டத்தில் இருந்தது. கட்டடம் வளர வளரக் கிரேனையும் உயர்த்திவிட்டார்கள். இப்போது அவரைப் பார்க்க நான் கழுத்தை நிமிர்த்த வேண்டியிருக்கிறது.

வேலையிடத்தில் அவருக்கு ‘மேலிடம்’ என்று பெயர். எந்தச் சந்தேகம் வந்தாலும், “மேலிடத்துல கேட்டுட்டுச் சொல்றேன்” என்று கம்பி கட்டுகிறவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் அவர் சிரிப்பது கீழே யாருக்கும் தெரியாது.

ஐம்பதைத் தொடும் வயது. ஒல்லி. வெயில் ஒரு பக்கமாகவே விழுந்து இடது கன்னம் மட்டும் கறுத்திருக்கிறது. காலையில் தண்ணீர் குடிப்பதை அளவோடு நிறுத்திக்கொள்கிறார். மேலே கழிப்பறை கிடையாது, ஒரு பிளாஸ்டிக் குப்பிதான். மதியச் சாப்பாடும் மேலேயே. இறங்கி ஏறுவதற்குள் இடைவேளை முடிந்துவிடும். நாள் முழுக்கப் பேச்சுத்துணை ஒரு வாக்கிடாக்கி. அதில் வருவதும் பேச்சல்ல: “தூக்கு”, “நிறுத்து”, “வலது”, “மெதுவா”.

அந்தப் பழக்கம் அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. மாலையில் தெருமுனைத் தேநீர்க் கடையில் எதிரே உட்கார்ந்து பேசும்போதும் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்துவார். பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டவர் போல, நாம் பதில் சொல்லும்வரை காத்திருப்பார். நாம் சும்மா இருந்தால், “கேக்குதா?” என்பார்.

மனைவி இன்னொரு நகரத்தில், ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போகவேண்டிய தூரத்தில், ஒரு வீட்டோடு தங்கி வயதான அம்மாள் ஒருவரைக் கவனித்துக்கொள்கிறார். வேலை கிடைத்த திசைகள் வேறு வேறாகிவிட்டன. பிள்ளைகள் இல்லை. அந்த அம்மாளின் மகன் வெளிநாட்டிலிருந்து ஆண்டுக் கடைசியில் வருவார். அப்போதுதான் மனைவிக்கு ஓய்வு. ஆனால் ஆண்டுக் கடைசியில்தான் இங்கே தளம் போடும் வேலை மும்முரமாக நடக்கும். மனைவி வருவார், இவர் இருட்டோடு கிளம்பி மேலே போய்விடுவார். திரும்பும்போது உடம்பு தூக்கத்துக்குத்தான் ஏங்கும். “அவ வந்து துணி துவைச்சுப் போட்டுட்டுப் போவா. அவ்வளவுதான் எங்க குடும்பம்” என்று ஒருமுறை சொல்லிவிட்டு, வழக்கம்போல் நிறுத்தினார். நான் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தேன். அன்று அவர் “கேக்குதா?” என்று கேட்கவில்லை.

அவருக்கு ஆண்டு விடுப்பு உண்டு. போன ஆண்டுவரை அவர் அதை எடுத்ததே இல்லை. எடுக்கக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. அலுவலகம் திறக்கும்போது அவர் மேலே இருப்பார், இறங்கும்போது அலுவலகம் பூட்டியிருக்கும். கேட்பதற்கு ஆள் கிடைக்காமலே ஒவ்வோர் ஆண்டும் விடுப்பு காலாவதியாகிவிடும்.

போன ஆண்டு முடிய ஒரு மாதம் இருக்கும்போது, வருகைப் பதிவைப் பார்க்கும் பெண்மணி வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் கிரேனின் அடியில் கைப்பையோடு காத்திருந்தார். இவர் இறங்கியதும் பிடித்துக்கொண்டார்.

“அண்ணே, உங்க லீவு அத்தனையும் அப்படியே கிடக்கு. வருஷம் முடிஞ்சா போயிடும், அடுத்த வருஷத்துக்கு வராது.”

“கேட்டா குடுப்பாங்களாம்மா?”

“முன்னாடியே கேட்டா குடுத்தாகணும். வேலை இருக்குன்னு தேதியை முன்னபின்ன நகர்த்தலாம். ஆனா வருஷத்தைத் தாண்டித் தள்ளக் கூடாது, அதுதான் விதி. நீங்க கேக்கவே இல்லேன்னா அவங்க ஏன் குடுக்கப்போறாங்க? வாயைத் திறங்கண்ணே.”

மறுநாள் அவர் வாயைத் திறந்த கதையைக் கடையில் எனக்கு நடித்துக் காட்டியவர் கீழே நின்று சைகை காட்டும் சிக்னல்காரர். முற்பகல். மேலே ஒரு கம்பிக் கட்டு ஆடிக்கொண்டிருந்தது. மேலிடம் அதை அசையாமல் தளத்தில் இறக்கி, கொக்கியைக் கழற்றச் சொல்லி, வெறும் கொக்கியை மேலே ஏற்றி நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் வாக்கிடாக்கியில் அவர் குரல் வந்தது.

“மேனேஜர் சார் லைன்ல இருக்கீங்களா?”

“சொல்லுங்க.”

“எனக்கு லீவு வேணும் சார். வருஷக் கடைசி வாரம். மிச்சமிருக்கற லீவு.”

வாக்கிடாக்கி வைத்திருந்தவர்கள் எல்லோரும் அண்ணாந்தார்கள். கம்பி கட்டுகிறவர், பற்றவைப்பவர், கான்கிரீட் வண்டிக்காரர், எல்லோரும்.

“இதெல்லாம் இதுல பேசற விஷயமா? கீழ வாங்க, பேசிக்கலாம்.”

“நான் கீழ வரும்போது நீங்க இருக்கமாட்டீங்க சார்.”

பற்றவைப்பவர் சிரித்துவிட்டார். அதுவும் வாக்கிடாக்கியில் கேட்டது.

“தளம் போடற நேரத்துல மாத்து ஆளுக்கு எங்க போறது?”

“இன்னும் நாள் இருக்கு சார். தேடினா கிடைப்பாங்க. தேதி ஒத்துவரலேன்னா நீங்களே வேற தேதி சொல்லுங்க. ஆனா வருஷத்துக்குள்ள சொல்லுங்க.”

அப்புறம் யாரோ, “குடுத்துடுங்க சார், மேலிடம் கேக்குது” என்றார்களாம். யாரென்று இன்றுவரை தெரியாது என்கிறார் சிக்னல்காரர். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது.

விடுப்பு கிடைத்தது.

விடுப்புக்கு முந்தின வாரம் அவரைக் கடையில் பார்த்தபோது கையில் புதுத் தலையணை. அவருடைய அறைக்கு ஒருமுறை போயிருக்கிறேன். கட்டில் ஒன்று, கொடிக்கயிறு ஒன்று, தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று. ஜன்னல் இருந்தும் திரை போட்டு மூடியிருந்தார். “நாள் பூரா ஊரைப் பாத்துட்டுத்தானே இருக்கேன்” என்றார். இப்போது திரையைக் கழற்றித் துவைத்துப் போட்டிருப்பதாகவும், இன்னொரு தட்டு வாங்கிவிட்டதாகவும் சொன்னார். சொல்லும்போது நிறுத்தி நிறுத்திப் பேசவில்லை. ஒரே மூச்சில் பேசினார்.

மனைவி ரயிலேற வேண்டிய நேரத்தில் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. நானும் சிக்னல்காரரும் அப்போது கடையில் இருந்தோம். பழைய கைபேசி, எதிர்முனைக் குரல் வெளியே கேட்கும்.

“அவங்க பையன் இந்தத் தடவை வரலையாம்ங்க. நான் கிளம்பினா அம்மாவை யார் பாத்துப்பாங்கன்னு போன்ல கேக்கறாரு.”

“உனக்கும் லீவு உண்டு. கேளு.”

“யார்கிட்ட கேக்கறது? உங்களுக்கு ஆபீஸ் இருக்கு, விதி இருக்கு. இங்க சமையலறையில ஒரு காலண்டர் இருக்கு, அதையும் போன மாசம் கிழிக்க மறந்துட்டேன்.”

“நான் பேசட்டுமா?”

“வேணாங்க. இருக்கற வேலையும் போயிடும்.” கொஞ்சம் பொறுத்து, “சாப்டீங்களா?” என்றார்.

கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். சிக்னல்காரர்தான் மெதுவாக ஆரம்பித்தார்: “அப்ப லீவை வேணாம்னுடுங்கண்ணே. மேனேஜர் கையெடுத்துக் கும்பிடுவார்.”

மேலிடம் கவிழ்த்த கைபேசியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். “ஊர் பூரா கேக்கற மாதிரி கேட்டு வாங்கினது. திருப்பிக் குடுத்தா அடுத்த வருஷம் கேக்க வாய் வராது” என்றார். காசைக் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த நாளிலிருந்து கிரேனை வேறொருவர் ஓட்டினார். வெடுக்கென்று திருப்புகிற கை. நான் ஜன்னல் பக்கம் பார்க்காமலே எழுதினேன்.

புத்தாண்டு பிறந்து அவர் திரும்பி வந்தபின் கடையில் சந்தித்தேன். எங்கே போனீர்கள் என்று கேட்டேன்.

“அவ இருக்கற ஊருக்குத்தான். அவளால வர முடியலேன்னா நான் போகலாமே. அது தோண எனக்கு ஒரு நாள் ஆச்சு பாருங்க.”

அந்த வீட்டில் கணவனைத் தங்கவைக்க இடமில்லை. ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு விடுதியில் அறை எடுத்தார். பகலெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். மாலையில் அவர் மனைவி அந்த அம்மாளைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பூங்காவுக்கு அழைத்து வருவார். இருட்டும்வரை. அந்தப் பொழுதுதான் இருவருக்கும் வாய்த்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் இவர் நடப்பார். அம்மாளுக்குக் காது மந்தம், ஞாபகமும் தங்காது. தினமும் கேட்பார்:

“யாரு இவரு?”

“எங்க வீட்டுக்காரரும்மா.”

“என்ன வேலை?”

“உயரத்துல வேலைம்மா.”

“அப்ப பெரிய ஆபீசர்” என்று தினமும் தலையாட்டுவாராம்.

“என்ன பேசினீங்க?” என்று கேட்டேன்.

“என்னத்தைப் பேசறது. ரெண்டு பேருக்கும் பேச்சு விட்டுப்போச்சு. நான் ஒண்ணு சொல்லிட்டு நிறுத்துவேன். அவ நாற்காலியைத் திருப்பறதுல கவனமா இருப்பா. மரத்தைக் காட்டுவா. சரின்னுவேன்.” அவர் குனிந்து மேசையைத் துடைத்தார். மேசையில் ஒன்றும் சிந்தியிருக்கவில்லை. “ராத்திரி லாட்ஜ்ல படுத்தா, இங்கயே இருந்திருக்கலாமோன்னு தோணும். மேல இருக்கும்போதுகூட அவ்வளவு தனியா இருந்ததில்லை.”

கடைசி மாலை அவர் நாற்காலியின் கைப்பிடியை மனைவியிடமிருந்து வாங்கிக்கொண்டாராம். “இன்னைக்கு நீ லீவு. நான் தள்றேன், நீ சும்மா நட” என்றாராம். மனைவி பக்கத்தில் நடந்தார். சேலைத் தலைப்பை முறுக்கினார், கைகளைக் கட்டினார், பின்னால் கோத்தார், மறுபடியும் தொங்கவிட்டார். வழியில் கிடந்த சருகைக்கூடக் குனிந்து எடுத்தாராம்.

“‘கையை எங்க வைக்கறதுன்னே தெரியலைங்க’ன்னு சொல்லிச் சிரிச்சா. சிரிச்சுட்டு, திரும்ப வந்து...”

இல்லாத ஒரு கைப்பிடியைப் பிடிப்பதுபோல் வலது கையை மடக்கி மேசைமேல் வைத்தார். “இது என் கை.” இடது கையையும் மடக்கி அதை ஒட்டினாற்போல், விரல் விரலைத் தொடும்படி வைத்தார். “இது அவ கை.”

கடைக்காரர் தேநீர் கொண்டுவந்து, வைக்க இடம் பார்த்து நின்றார். அவர் கைகளை எடுக்கவில்லை.